பாரம் ஏற்றும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறதா? காரணங்களும் சரிசெய்யும் முறைகளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று சிறு உழவர்கள் பலர் தங்கள் விளைபொருளைத் தங்கள் வண்டியிலேயே சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். இராயக்கோட்டைத் தக்காளி, சூளகிரிப் பகுதியின் கொத்தமல்லித் தழையும் முட்டைக்கோசும், ஓசூர், தளிப் பகுதிகளின் ரோசாவும் குடைமிளகாயும், காவேரிப்பட்டணம் பகுதியின் பெங்களூரா மாங்காயும் சிறு சரக்கு வண்டிகளிலும் டிராக்டர் டிரெய்லர்களிலும்தான் பெரும்பாலும் ஏறுகின்றன. ஓசூரில் 1980-ஆம் ஆண்டு முதல் லாரிகள் தயாராகின்றன. 2011-ஆம் ஆண்டு முதல் அங்கேயே சிறு சரக்கு வண்டியும் தயாரிக்கப்பட்டு வருகிறது. ஆகவே வண்டியும் உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் இப்பகுதி உழவர்களுக்கு அருகிலேயே கிடைக்கின்றனர்.

ஆயினும், வாங்கிய சில ஆண்டுகளிலேயே பல வண்டிகளின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி நிற்பதைக் காண்கிறோம். "ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, ஒரு பட்டை சேர்த்துப் போடுங்கள்" என்று உடனே பட்டறையில் விடுவது வழக்கமாகிவிட்டது. பட்டை சேர்ப்பது சில வேளைகளில் சரியான மருந்துதான். பல வேளைகளில் அது நோயை மறைத்து, பிரேக்கையும் அச்சையும் கெடுத்துவிடும். நோயின் காரணத்தைக் கண்டு மருந்திடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பின்பக்கம் தாழ்ந்தால் நேரும் கேடுகள்

வண்டியின் பின்பக்கம் அளவுக்கு மேல் தாழ்ந்தால், முன் சக்கரங்களின் மேல் உள்ள பாரம் குறைகிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன் சக்கரமே. அது தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் இலேசாகிவிடும். நினைத்த இடத்தில் வண்டி நிற்காது.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. குருபரப்பள்ளியைக் கடந்து மேலுமலை, சூளகிரி வழியாக ஏறும் நெடுஞ்சாலையில் பாரம் இன்னும் பின்னுக்குச் சாய்கிறது. திரும்பி வரும்போதும், சேலம் செல்வோர் தொப்பூர் கணவாயில் இறங்கும்போதும் பிரேக் மீதே உயிர் தங்கியுள்ளது. இரவில் முகப்பு விளக்கின் ஒளி மேல் நோக்கிப் பாய்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். நம் முன் உள்ள சாலை இருட்டாக இருக்கும். இவையன்றி, பின் டயர் விரைவில் தேய்தல், பட்டை முறிதல், ரப்பர் தடுப்பில் சேசிஸ் இடித்துத் தக்காளி நசுங்குதல் ஆகியவையும் நேரும்.

ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் விதம்

நீளம் குறைந்துகொண்டே வரும் பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் இணைத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு கட்டியிருப்பதே ஸ்பிரிங் கட்டு. மேலே உள்ள மெயின் பட்டையின் இரு முனைகளும் காதுபோல் சுருட்டப்பட்டு, சேசிஸுடன் புஷ், பின் ஆகியவற்றால் கோக்கப்பட்டுள்ளன. ஒரு முனையில் உள்ள ஷாக்கிள், பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுவதற்கு இடம் தருகிறது. சில வண்டிகளில் அடியிலோ மேலேயோ தடித்த ஹெல்பர் பட்டை இருக்கும். பாரம் ஒரு அளவைத் தாண்டிய பிறகே அது வேலைக்கு வரும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை. வண்டி மேலும் கீழும் தொடர்ந்து ஆடாமல் அடக்குவதே அதன் வேலை. பின்பக்கம் தாழ்ந்ததற்காக ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் உயரம் திரும்பாது, பணம்தான் வீணாகும்.

முதற்பணி: அளந்து பார்த்தல்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், கீழ்க்கண்டவாறு அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. வண்டியைச் சமதளமான இடத்தில் காலியாக நிறுத்துங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் கூறியுள்ள அளவுக்குக் காற்றுப் பிடியுங்கள். காற்றுக் குறைவே தாழ்வுக்குக் காரணமாக இருப்பதும் உண்டு.

2. பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே பெட்டியின் கீழ் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளப்பதைவிட இது சிறந்தது. டயர் தேய்மானம் இந்த அளவில் சேராது. நான்கு சக்கரங்களிலும் அளக்க வேண்டும்.

3. அனுமதிக்கப்பட்ட பாரத்தை ஏற்றி மீண்டும் அளக்க வேண்டும்.

4. வண்டி புதிதாக இருந்தபோது எடுத்த அளவு இருந்தால் ஒப்பிடுங்கள். இல்லையெனில், அதே மாதிரியில் நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டியை அளந்து ஒப்பிடலாம்.

புது வண்டி வாங்குவோர் முதல் நாளே இந்த அளவுகளை எடுத்து, வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பது நல்லது.

எடைமேடையில் அச்சுவாரியாக எடை போடுதல்

மண்டிகளுக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் அருகில் எடைமேடைகள் உள்ளன. அங்கே மொத்த எடையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், முன் அச்சு எடையையும் தனியே அறியலாம். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியுள்ள நிலையில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டி முழுவதும் மேடையில் நிற்க, மொத்த எடையைக் குறியுங்கள். மொத்த எடையிலிருந்து முன் அச்சு எடையைக் கழித்தால் பின் அச்சு எடை கிடைக்கும். மேடையும் அதை அடுத்த தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இக்கணக்குச் சரியாக வரும்.

ஏற்றலாகும் பாரம் எவ்வளவு? பதிவுச் சான்றில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் உள்ளன. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வருவதே வண்டி தாங்கும் பாரம். ஓட்டுநரும் உடன் வருபவரும் இப்பாரத்தில் அடக்கம்.

எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,500 கிலோ, வெற்று எடை 1,250 கிலோ எனக் கொள்வோம். மீதம் 1,250 கிலோ. இருவர் ஏறினால் 130 கிலோ போக, 1,120 கிலோ மிஞ்சும். ஒரு கிரேடு தக்காளியை 25 கிலோ, கிரேடின் எடையை 2 கிலோ எனக் கொண்டால், ஒன்றுக்கு 27 கிலோ ஆகிறது. ஆகவே 41 கிரேடுதான் ஏற்றலாம். 60 கிரேடு ஏற்றினால் எடை 1,620 கிலோ. ஆட்களையும் சேர்த்தால் 1,750 கிலோ. அதாவது, அனுமதிக்கப்பட்டதைவிட 500 கிலோ அதிகம். நாள்தோறும் இவ்வாறு ஓடும் வண்டியில் எந்தப் பட்டையும் நெடுநாள் நிமிர்ந்து நிற்காது.

அறிகுறியும் காரணமும்

காலியாக இருக்கும்போதே இருபக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால்: பட்டைகள் வில் இழந்துவிட்டன.

காலியாக இருக்கும்போது சரியாகவும், அனுமதிக்கப்பட்ட பாரத்தில் ஓரளவு தாழ்ந்தும் இருந்தால்: அது இயல்பே. பாரத்தில் பட்டை ஏறத்தாழ நேராக நிற்கும். எதிர்ப்பக்கம் வளைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காலியாகச் சரியாகவும், அனுமதிக்கப்பட்ட பாரத்தில் மிகவும் தாழ்ந்தும் இருந்தால்: பாரம் மிகவும் பின்னால் ஏற்றப்பட்டுள்ளது, அல்லது கொக்கியில் டிரெய்லரின் எடை மிகுதியாக இறங்குகிறது.

ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட 2 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால்: அப்பக்கப் பட்டை முறிந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், ஷாக்கிள் மடங்கியிருக்கலாம்.

ஒரு பக்கச் சக்கரம் பின்னுக்கு நகர்ந்திருந்தால்: சென்டர் போல்ட் முறிந்து அச்சு இடம் மாறியுள்ளது. முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இருபக்கமும் அளந்தால் இது தெரிந்துவிடும். இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ரப்பர் தடுப்பு நசுங்கி, எதிரே உள்ள இரும்பில் புதிதாக இடிபட்ட தடம் இருந்தால்: வண்டி அடிக்கடி முழுவதும் அமுங்கி இடிக்கிறது.

பாரம் வைக்கும் இடம்

எவ்வளவு பாரம் என்பது மட்டுமல்ல, எங்கே பாரம் என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டியில் 1,000 கிலோ ஏற்றுவதாகக் கொள்வோம். பாரத்தின் நடு, பின் அச்சுக்கு 25 செ.மீ. முன்னால் இருந்தால், பின் அச்சில் 900 கிலோவும் முன் அச்சில் 100 கிலோவும் இறங்கும். அதே பாரத்தின் நடு, பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் போய்விட்டால், பின் அச்சில் 1,100 கிலோ இறங்கும். முன் அச்சிலோ இருந்த எடையில் 100 கிலோ குறைந்துவிடும். அரை மீட்டர் இடமாற்றத்தால் பின் அச்சுக்கு 200 கிலோ வேறுபாடு! காசு செலவின்றிச் செய்யக்கூடிய முதல் மருந்து இதுவே.

ஆகவே கனமான மூட்டைகளையும் நிறைந்த கிரேடுகளையும் ஓட்டுநர் அறையை ஒட்டி முதலில் அடுக்குங்கள். காலிக் கிரேடு, தழை போன்ற இலேசானவற்றைப் பின்னால் வையுங்கள். பின் கதவைத் திறந்து படுக்கவைத்து அதன்மேல் பாரம் அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாங்காயைக் குவியலாகக் கொட்டும்போது, ஏற்றத்தில் அது பின்னுக்குச் சரியாதிருக்க நடுவில் பலகைத் தடுப்பு வைக்க வேண்டும். நீர்த் தொட்டியைப் பாதி நிரப்பிக் கொண்டு சென்றால் நீர் முன்னும் பின்னும் அலையும். நிரப்பியோ காலியாகவோ கொண்டு செல்வதே நல்லது.

பட்டையைச் சரிசெய்யும் முறைகள்

முறிந்த பட்டையை மாற்றுதல்: முறிந்த பட்டையை ஒட்டவைக்க வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, அதன் அருகிலேயே மீண்டும் முறியும். ஒரு பக்கம் முறிந்திருந்தால் மறுபக்கக் கட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வயதுடையவை. ஒரு பக்கம் புதுக் கட்டும் மறுபக்கம் பழங்கட்டும் இருந்தால் வண்டி சாய்ந்து நிற்கும். எனவே இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே சிறந்தது.

வில் ஏற்றுதல்: தாழ்ந்துபோன பட்டைகளை மீண்டும் வளைத்துத் தருவதைப் பல பட்டறைகள் செய்கின்றன. பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, அப்படியே ஆறவிட்டால் வளைவு கிடைக்கும், வலிமை போய்விடும். சில வாரங்களில் பட்டை மீண்டும் உட்காரும். முறைப்படி செய்வதானால், ஸ்பிரிங் எஃகை அதன் வகைக்கேற்ப 850 முதல் 920 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 400 முதல் 550 பாகையில் மீண்டும் பதப்படுத்த வேண்டும். இவ்வசதி உள்ள பட்டறையில் மட்டுமே வில் ஏற்றுங்கள். துருவால் குழி விழுந்த பட்டையையும், மயிரிழை வெடிப்பு உள்ள பட்டையையும் வில் ஏற்றுவதில் பயனில்லை. புதிதாக மாற்ற வேண்டும்.

பட்டை சேர்த்தல்: ஒரே தடிப்புள்ள 5 பட்டைகள் உள்ள கட்டில் மேலும் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடிப்பைக் கூட்டினால் விறைப்பு இதைவிட வேகமாகக் கூடும். 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் ஒரே கட்டில் தடித்த பட்டையும் மெல்லிய பட்டையும் ஒரே அளவு வளையும்போது, தடித்த பட்டையே அதிக முறுக்கத்துக்கு உள்ளாகி முதலில் முறியும். எனவே கலப்படமாகச் சேர்ப்பது நல்லதன்று.

பட்டை சேர்ப்பதால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிடாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அச்சு, பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழைய அளவிலேயே உள்ளன. உயரத்தைப் பார்த்து "வண்டி தாங்குகிறது" என்று எண்ணி மேலும் ஏற்றுவதே பல விபத்துகளுக்கு வித்தாகிறது. அன்றியும், விறைத்த பட்டை குறைந்த பாரத்தில் துள்ளும். சந்தைக்குப் பாதிப் பாரத்துடன் செல்லும் நாளில் தக்காளியும் ரோசாவும் அடிபடும்.

ஹெல்பர் பட்டை: தயாரிப்பாளரே அந்த மாதிரிக்கு ஹெல்பர் பட்டை தந்திருந்தால், மற்ற மாற்றங்களைவிட இதுவே மேலானது. காலியாக இருக்கும்போது இது தொடாமல் விலகி நிற்கும். பாரம் ஏறிய பிறகே தாங்கும். ஹெல்பர் பட்டைக்கும் அது தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி கையேட்டில் கூறியபடி இருக்கிறதா என்று பாருங்கள். காலி வண்டியிலேயே அது தொட்டுக்கொண்டிருந்தால், கீழே உள்ள முதன்மைப் பட்டைகள் வில் இழந்துவிட்டன என்பது பொருள்.

காற்றுப் பைகள்: அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய பிக்-அப் வண்டிகளில் கனத்த டிரெய்லர் இழுப்போர், அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ரப்பர் காற்றுப் பை பொருத்தி உயரத்தைச் சரிசெய்கின்றனர். இதனால் பின்பக்கம் நிமிரும். ஆயினும் முன் அச்சிலிருந்து போன எடை திரும்பி வராது. நிமிர்ந்து நிற்பதாலேயே வண்டி பாதுகாப்பாகிவிட்டது என்று கருதக் கூடாது.

பிரேக் வால்வைக் கவனியுங்கள்

பல சிறு சரக்கு வண்டிகளில், பின் அச்சுடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு சேசிஸில் உள்ளது. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு, பாரம் எவ்வளவு என்பதை இவ்வால்வு அறிகிறது. பாரம் குறைவாயின் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கிறது. பாரம் மிகுந்தால் கூட்டுகிறது.

பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், பாரம் நிறைந்திருக்கும்போதும் "வண்டி காலி" என்றே இவ்வால்வு கொள்ளும். பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். மேடான சாலையில் இது தெரியாது. தொப்பூர் இறக்கத்தில் தெரியும். அதேபோல், பட்டை வில் இழந்து தாழ்ந்த வண்டியில், காலியாக இருக்கும்போதும் பாரம் உள்ளதாக வால்வு எண்ணும். மழை நாளில் பின் சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே பட்டையில் எந்த வேலை செய்தாலும், இவ்வால்வைக் கையேட்டின்படி திரும்பச் சரிசெய்யுமாறு கேளுங்கள். முகப்பு விளக்கின் மட்டத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டிரெய்லர் இழுக்கும்போது

இரு சக்கர டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் இறங்குவதில்லை. ஒரு பகுதி கொக்கியில் இறங்குகிறது. கொக்கி வண்டியின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், நெம்புகோல்போல் முன்பக்கத்தைத் தூக்குகிறது. கணக்கைப் பாருங்கள்.

டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 1,500 கிலோ. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 3 மீட்டர். மொத்த எடையின் நடு, டிரெய்லர் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருந்தால் கொக்கியில் 100 கிலோ இறங்கும். இழுக்கும் வண்டியின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் எனில், இந்த 100 கிலோவால் பின் அச்சில் 140 கிலோ கூடும். முன் அச்சில் 40 கிலோ குறையும்.

அதே டிரெய்லரில் பாரத்தை முன்னுக்குத் தள்ளி, எடையின் நடுவை அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் வைத்தால், கொக்கியில் 300 கிலோ இறங்கும். பின் அச்சில் 420 கிலோ கூடி, முன் அச்சில் 120 கிலோ குறையும். பின்பக்கம் அமுங்குவதற்கு இதுவே காரணமாயின், பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. பாரத்தை நகர்த்தினால் போதும்.

தாழ்வைப் போக்கும் அவசரத்தில் பாரத்தை டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் கொண்டு போய்விடவும் கூடாது. அப்போது கொக்கி மேலே தூக்கப்பட்டு, டிரெய்லர் பாம்புபோல் இருபக்கமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் கூடி வண்டியையே கவிழ்த்துவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குமாறு பாரம் ஏற்றுவது பொதுவான வழக்கம். ஆனால் கொக்கிக்குத் தயாரிப்பாளர் குறித்துள்ள எடையை அது தாண்டக் கூடாது. கொக்கியில் இறங்கும் எடையும் வண்டி தாங்கும் பாரத்தில் சேரும் என்பதால், அதற்கேற்ப பெட்டியில் ஏற்றும் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

கையேட்டில் இழுவைத் திறன் குறிப்பிடப்படாத வண்டியில் டிரெய்லரைக் கோக்கவே கூடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும்.

டிராக்டர் டிரெய்லர்

டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. எனவே பின்பக்கம் தாழ்வது கண்ணுக்குத் தெரியாது; முன் சக்கரம் இலேசாவதுதான் அறிகுறி. ஏற்றத்தில் முன் சக்கரம் துள்ளினால், ஸ்டியரிங் திருப்பியும் டிராக்டர் நேரே போனால், உடனே பாரத்தைக் குறைக்க வேண்டும். டிராக்டரின் வெற்று எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இதையும் எடைமேடையிலேயே அறியலாம். முன்பக்க எடைக் கட்டிகளை மாட்டிக்கொள்வது பயன் தரும்.

டிரெய்லரைத் தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டுமே கோக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலான உயரத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். சாலையில் செல்லும்போது இடது, வலது பிரேக் மிதிகளைக் கொண்டியால் இணைத்துவிடுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளும். ஆதலால் ஏறிய கியரைவிடக் குறைந்த கியரில், கிளட்ச் மிதிக்காமல் இறங்க வேண்டும். டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் மேலே கூறிய சோதனைகள் யாவும் பொருந்தும். யூரியா, பொட்டாஷ் முதலிய உரங்கள் சிந்திய டிரெய்லரை அன்றே நீர் விட்டுக் கழுவுங்கள். உர உப்பு பட்டையில் துருக்குழி உண்டாக்கும். அக்குழியிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

வேலை செய்யும்போது பாதுகாப்பு

1. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்காமல் பின்பக்கத்தைத் தூக்காதீர்கள்.

2. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. சேசிஸின் கீழ் இரும்புத் தாங்கிகள் வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கும், அவற்றை வைக்காதீர்கள்.

3. ஸ்பிரிங் கட்டு முறுக்கேறிய நிலையில் உள்ளது. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் கட்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் பட்டை தெறித்து முகத்தில் அடிக்கும். இவ்வேலையைப் பழகிய பட்டறையிடம் விடுவதே நல்லது.

4. பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியவற்றைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கி, கையேட்டில் கூறிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். முதல் பாரப் பயணம் முடிந்ததும் ஒருமுறையும், 500 கி.மீ. ஓடியபின் ஒருமுறையும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். தளர்ந்த யூ போல்ட்டே சென்டர் போல்ட் முறிவதற்குப் பெரும் காரணம்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி, அதிகப் பாரத்துக்கு ரூ. 20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-மும் விதிக்கலாம், பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சாரும். எல்லை கடந்து பெங்களூருச் சந்தைக்குச் செல்வோருக்கும் இது மத்தியச் சட்டமாதலால் பொருந்தும். வழியில் இறக்கிய தக்காளிக்கு அன்றைய சந்தை விலை கிடைக்காது என்பதையும் அபராதத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பயணத்துக்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

ஒவ்வொரு பாரத்துக்கும் புறப்படுமுன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

1. பின் டயர்களின் காற்று.
2. இருபக்கப் பட்டைகளிலும் முறிவோ நகர்ந்த தடமோ உள்ளதா?
3. யூ போல்ட் நட்டுகளைச் சுற்றித் துருப்பொடி வந்துள்ளதா? வந்திருந்தால் அது தளர்ந்துள்ளது என்பதற்கு அடையாளம்.
4. பாரத்தின் கனமான பகுதி முன்னால் உள்ளதா?
5. டிரெய்லர் கொக்கியின் பின், பூட்டுக் கம்பி, பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவை.
6. புறப்பட்டதும் மெதுவாகச் செல்லும்போதே ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்தல்.

சுருக்கமாகக் கூறுமிடத்து, பின்பக்கம் தாழ்ந்த வண்டிக்கு மருந்து தேடும் வரிசை இதுதான்: முதலில் காற்று, பிறகு எடை, பிறகு பாரம் வைக்கும் இடம், பிறகு முறிவு, தளர்வு ஆகியவை, கடைசியில்தான் பட்டை. முதல் மூன்றும் பெரும் செலவில்லாதவை. 60 கிரேடை ஒரே நடையில் கொண்டு செல்வதற்குப் பதில், பக்கத்துத் தோட்டத்தாருடன் சேர்ந்து பெரிய வண்டி ஒன்றை அமர்த்துவதோ, இரண்டு நடையாகப் பிரிப்பதோ அன்றைக்குச் சிறிது செலவாகத் தோன்றலாம். ஒரு பட்டைக் கட்டு, ஒரு இணை டயர், ஒரு அபராதம் ஆகியவற்றின் விலையை எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இலாபம் என்பது விளங்கும். அடுத்த தக்காளிப் பறிப்புக்கு முன்பே காலி வண்டியை அளந்து, அளவுகளைக் குறித்து வையுங்கள். சந்தைக்குச் செல்லும் முதல் நாளில் எடைமேடையில் ஏற்றி, இரு அச்சுகளின் எடையையும் அறிந்துகொள்ளுங்கள்.